சினை மாடா என்று மட்டும் கேட்டோம்

நம் துறையில் மாட்டுக்கு ஒரு புத்தகம், மனிதருக்கு ஒரு புத்தகம் என்று பிரித்து வைத்திருக்கிறோம். ஹார்மோனுக்கு அந்தப் பிரிவினை தெரியாது. இதை வகுப்பில் சொன்னால் தலையாட்டிவிட்டுக் குறிப்பெடுத்துக்கொள்வீர்கள். நானும் அப்படிக் குறிப்பெடுத்தவள்தான். எண்பதுகளில், தர்மபுரி மாவட்டத்தில், பாப்பிரெட்டிப்பட்டிக்குப் பக்கத்து ஊர் ஒன்றில் அதன் அர்த்தம் விளங்கியபோது கதிகலங்கிப் போனேன். வேலைக்காலம் முழுக்க இனப்பெருக்க ஹார்மோன்களோடு குடித்தனம் நடத்தி ஓய்வும் பெற்றாகிவிட்டது. எத்தனையோ மாநாடு, எத்தனையோ கட்டுரை, எல்லாம் மங்கிவிட்டன. அந்த ஒரு பகல் மட்டும் மங்கவில்லை.

ஆய்வகத்தில் கையுறை போடச் சொன்னால் உங்களில் சிலருக்கு முகம் அஷ்டகோணலாகப் போகிறது. கை வியர்க்கிறதாம், குழாய் வழுக்குகிறதாம். சரி, உட்காருங்கள். கையுறையைப் பற்றிச் சொல்லப் போவதில்லை. பயத்தைப் பற்றிச் சொல்கிறேன்.

மழை பொய்த்த வருஷங்கள் அவை. காய்ந்த சோளத்தட்டைத் தின்று மாடுகள் எலும்பும் தோலுமாக நின்றன. கடன்பட்டுக் கலப்பின மாடு வாங்கியவர்கள்தான் அதிகம் நொந்துபோயிருந்தார்கள். மாடு பருவத்துக்கு வராது. வந்தாலும் கண்ணில் படாது. செயற்கைக் கருவூட்டலுக்கான சினை ஊசி போட்டாலும் சினை நிற்காது. கன்று இல்லையென்றால் பால் இல்லை, பால் இல்லையென்றால் அந்த வீட்டில் அடுப்பு எரிவதே சிரமம். ஓர் ஊர் மாடுகளை எல்லாம் ஒரே சமயத்தில் பருவத்துக்கு வரவைத்து, எல்லாவற்றுக்கும் சேர்த்துச் சினை ஊசி போட்டுவிடுவது எங்கள் திட்டம். அதற்கென்று ஒரு மருந்து அப்போதுதான் நம் பக்கம் வந்திருந்தது. புரோஸ்டாகிளாண்டின் வகை.

உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஆனால் இதை எழுதியும் கொடுக்கப் போகிறேன்; நீங்கள் மேசையில் போட்டுவிட்டுப் போகும் அந்தப் பக்கங்களை வீட்டில் வேறு யாராவது எடுத்துப் படிக்கலாம் அல்லவா, அவர்களுக்காகச் சொல்கிறேன். பசுவின் சினைப்பையில் ஒரு சின்ன மஞ்சள் கட்டி இருக்கும். அது சுரந்துகொண்டிருக்கும்வரை மாடு மறுபடி பருவத்துக்கு வராது. இந்த மருந்து அந்தக் கட்டியைக் கரைத்துவிடும், சில நாளில் மாடு பருவத்துக்கு வரும். ஆனால் சினையாக இருக்கும் மாட்டின் கருவைத் தாங்கிப் பிடிப்பதும் அதே கட்டிதான். சினை மாட்டுக்கு இதைத் தவறிப் போட்டால் கரு கலைந்துவிடும். பெண்களுக்கோ இந்த வகை மருந்து கருப்பையையே இறுக்கிப் பிசையும். தோல் வழியாகவும் உடம்புக்குள் இறங்கும்.

எங்கள் திட்டத்தின் தலைவரை எல்லோரும் சார் என்றுதான் அழைப்போம், இங்கேயும் அவர் சார்தான். கால்நடை மருத்துவம் படித்துவிட்டு ஹார்மோன் ஆராய்ச்சிக்கு வந்தவர். சினை மாடு விஷயத்தில் அவரைப் போலக் கறாரான ஆளை நான் பார்த்ததில்லை. முதலில் மாட்டுக்காரரைக் கேட்பார். பிறகு கையை உள்ளே விட்டுத் தடவிப் பார்ப்பார். அப்புறமும் மனசு ஆறாமல், "சினை இல்லன்னு நிச்சயமாத் தெரியுமா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க" என்று மறுபடி கேட்பார். தன் கையையே நம்பாத மனுஷர் என்று நாங்கள் பின்னால் கேலி செய்வோம்.

முகாம் பால் சொசைட்டியின் முன்னால் நடந்தது. அந்த ஊர் வழக்கம் ஒன்று உண்டு, அது எங்களுக்கு வசதியாகவும் இருந்தது. மாட்டை ஓட்டிக்கொண்டு வருவது ஆண்கள், வந்ததும் கயிற்றை மனைவி கையில் கொடுத்துவிட்டு டீக்கடைப் பக்கம் ஒதுங்கிவிடுவார்கள். கறக்கிறவள் பக்கத்தில் இருந்தால்தான் கலப்பின மாடு அசையாமல் நிற்கும். அவள் கழுத்தை அணைத்து, காதருகில் ஏதோ பேசிக்கொண்டே நிற்பாள். சார் அந்தக் கழுத்தில்தான் ஊசி போடுவார். பக்கத்தில் நின்று மாடுகளின் ரத்த மாதிரி எடுத்த கண்ணாடிக் குழாய்களை ஐஸ் பெட்டியில் அடுக்குவது என் வேலை.

பிலோமினா வந்தது வெயில் ஏறத் தொடங்கிய நேரத்தில். இருபத்தைந்து வயதுகூட இருக்காது. விவசாயக் குடும்பம், கழுத்தில் சிலுவை டாலர். கணவர் வெளியூர் வேலைக்குப் போயிருந்ததால் மாமியார் சவேரியம்மா கூடவே வந்து மாட்டின் பின்பக்கம் நின்றார். சார் கேட்க வேண்டியதெல்லாம் கேட்டார், தடவிப் பார்த்தார், ஊசியை ஏற்றினார். மாடு திடீரென்று தலையை உதறியது. ஊசி கழுத்திலிருந்து பிடுங்கிக்கொண்டு வர, அழுத்திய விரல் அழுத்தியபடியே இருக்க, மருந்து முழுக்கப் பிலோமினாவின் உள்ளங்கையில் பீய்ச்சியடித்தது. அவள் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு சிரித்தாள். சார், "அடடா, ஒரு டோஸ் வீணாப் போச்சே" என்றார்.

அந்த உள்ளங்கையை நான் பார்த்துவிட்டேன். சோளத்தட்டு அறுக்கும்போது அரிவாள் கிழித்த காயம் ஒன்று குறுக்கே ஓடியது. இன்னும் ஆறாத, ஈரக் காயம்.

சோப்பை எடுத்துக்கொண்டு அவளை அடிபம்புக்கு அழைத்துப் போனேன். நான் பம்பை அடிக்க அவள் கையைக் கழுவினாள். மூச்சிரைப்பு உண்டா என்று கேட்டேன். ஆஸ்துமாக்காரர்களுக்கு இந்த மருந்து ஆகாது. இல்லை என்றாள். கேட்க வேண்டிய மற்றொரு கேள்வி அப்போதுதான் எனக்கு நினைவில் வந்தது.

"பிலோமினா, முழுகாம இருக்கீங்களா?"

அவள் கழுவுவதை நிறுத்திவிட்டு மாமியார் இருந்த திசையைப் பார்த்தாள்.

"யாருக்கும் சொல்லிப்புடாதீங்க டாக்டரம்மா. மூணு மாசம் முடியப் போவுதுங்க. ஏற்கெனவே ரெண்டு தங்கல. இந்தவாட்டி வெளிய தெரியிற வரைக்கும் யார் காதுலயும் போடக் கூடாதுன்னு எங்க அத்த மாதாவுக்கு நேர்ந்துகிட்டிருக்குதுங்க."

பம்பின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நான் நின்றேன். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டாள்.

"ஏனுங்க? இது மாட்டு மருந்துதானுங்களே? மனுசாளுக்கு என்னா பண்ணும்?"

"கையை நல்லா கழுவுங்க. இதோ வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுச் சாரிடம் ஓடினேன்.

தனியாக அழைத்துச் சொன்னேன். சார் கையிலிருந்த சிரிஞ்சைத் தட்டில் வைத்தார்.

"சொல்லிட்டியா அவகிட்ட?"

"இன்னும் இல்ல சார்."

"சொல்லாதே. ஏற்கெனவே ரெண்டு போயிருக்குன்னா மூணாவதும் தானாவே போகலாம். இப்ப சொன்னா, என்ன ஆனாலும் நம்ம மருந்துதான் காரணம்னு ஆயிடும். பயத்துலயே அவளுக்கு வலி வந்துடும்மா. உள்ள போனது கொஞ்சமாத்தான் இருக்கும்."

இன்னொன்றையும் அவர் சொல்லாமல் சொன்னார், அவர் கண் டீக்கடைப் பக்கம் போனது. ஜீப்பில் வந்து ஊசி போடுகிறவர்கள் என்றாலே குடும்பக் கட்டுப்பாட்டுக்கு ஆள் பிடிக்க வந்தவர்கள் என்று ஊர்கள் சந்தேகப்பட்ட காலம். நாங்கள் முகாம் போட வந்த முதல் நாளே, மாட்டுக்குப் போடுவதாகச் சொல்லிப் பாலில் மருந்து கலந்து பெண்களைக் குடிக்க வைக்கப் போகிறார்கள் என்று ஒரு வதந்தி ஓடியது. இப்போது இந்த விஷயம் வெளியே போனால், அங்கே கையில் கம்போடு நின்றிருந்த அத்தனை ஆண்களும் எங்களை என்ன செய்வார்கள்? எனக்கும் பயம்தான். ஓடிவிடலாமா என்றுகூட ஒரு நொடி தோன்றியது.

சார் சொன்னதில் பொய் எதுவும் இல்லை என்பதுதான் கஷ்டம். நீங்கள் நன்றாகக் கவனிக்க வேண்டிய இடம் இது. நெருக்கடியில் நமக்கு வருகிற தவறான யோசனை முட்டாள்தனமாக இருக்காது. நியாயமாக, அடுத்தவர் மேல் அக்கறையாக, விஞ்ஞானமாகக்கூட இருக்கும். நான் ஒன்றை மட்டும் யோசித்தேன். சொல்லாமல் விட்டு, சாயங்காலம் வீட்டில் அவளுக்கு ரத்தம் போகத் தொடங்கினால்? எதனால் என்று அவளுக்கும் தெரியாது, பார்க்கிற டாக்டருக்கும் தெரியாது. தெரிந்த இரண்டு பேர் ஜீப்பில் ஏறித் தங்கள் ஊருக்குப் போயிருப்பார்கள்.

"சார், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போறேன். சொல்லிட்டுத்தான் கூட்டிப் போறேன்" என்றேன். அவரை எதிர்த்து நான் பேசிய முதல் பேச்சு அது. அவர் என்னைப் பார்க்காமல், "நானும் வர்றேன்" என்று ஜீப்பை நோக்கி நடந்தார்.

பம்படியில் பிலோமினாவிடம் சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று கேட்காதீர்கள், வார்த்தைகள் நினைவில்லை. கருவுக்கு ஆபத்து வரலாம், வராமலும் போகலாம், டாக்டர் பக்கத்தில் இருப்பது நல்லது, இவ்வளவுதான். அவள் அழவில்லை. "இந்த மருந்து வெசயம் அத்தைக்குத் தெரிய வேணாமுங்க" என்றாள். அது அவள் விஷயம், அவளுக்குத்தான் உரிமை என்று பட்டது. கைக்காயத்துக்கு ஊசி போட வேண்டும் என்று சவேரியம்மாவிடம் சொன்னோம். மாட்டைப் பக்கத்து வீட்டுக்காரரிடம் விட்டுவிட்டு, நானும் வருவேன் என்று அவர் ஜீப்பில் ஏறிக்கொண்டார்.

அந்தப் பாதையை இப்போது தார் போட்டுப் பளபளவென்று வைத்திருக்கிறார்களாம். அன்று குழிக்கு நடுவில்தான் ரோடு. வேகமாகப் போனால் ஜீப் தூக்கிப் போடும், மெதுவாகப் போனால் நேரமாகும். டிரைவர் திரும்பித் திரும்பி என் முகத்தைப் பார்த்தார். பின்னால் பிலோமினாவை நடுவில் உட்காரவைத்து நானும் சவேரியம்மாவும் இரண்டு பக்கமும் அணைத்துக்கொண்டோம்.

"அரிவா கீறுனதுக்கு ஜீப்பெல்லாம் எதுக்குங்க?" என்று சவேரியம்மா கேட்டார். "ஏனுங்க டாக்டரம்மா, நெசத்தச் சொல்லுங்க. கர்ப்பத்தட ஆப்ரேசனுக்கா கூட்டிக்கிட்டுப் போறீங்க? எங்க வூட்ல இன்னும் ஒரு புள்ளகூட இல்லீங்க."

பிலோமினா என் மணிக்கட்டைப் பிடித்தாள். நகம் பதியும் பிடி. அவள் உடம்பு முன்னால் மடிந்தது. அடிவயிறு.

இனி மறைக்க எதுவும் இல்லை. நான் சவேரியம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மருந்து எது, அது மாட்டுக்கு என்ன செய்யும், பெண்ணுக்கு என்ன செய்யக்கூடும். முன்னால் உட்கார்ந்திருந்த சாரின் கழுத்து அசையவே இல்லை. சவேரியம்மா கத்துவார், அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். அவர் மருமகளின் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு, மெதுவாகத்தான் பேசினார்.

"எங்க மாடு சினையான்னு அத்தன தடவ கேட்டீங்களே. கைய வுட்டே பாத்தீங்க. புடிச்சிருந்தவள ஒரு வார்த்த கேக்கலியேங்க."

டவுன் ஆஸ்பத்திரியில் இருந்த லேடி டாக்டர் எங்களை நிற்க வைத்தே கேள்வி கேட்டார். நல்ல டாக்டர். மருந்துப் புட்டியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இதற்கு மாற்று மருந்து உண்டா என்று கேட்டார். இல்லை என்றேன். "எவ்வளவு நேரத்துல உடம்பவிட்டுப் போகும்?" என்று கேட்டார்.

சார் முந்திக்கொண்டு, "சீக்கிரமே போயிடும் டாக்டர்" என்றார்.

"மாட்டுல எப்படின்னு தெரியும். இந்தப் பொண்ணு உடம்புல எவ்வளவு போச்சு, எப்பப் போகும்னு எனக்குத் தெரியாது" என்றேன் நான்.

ஆராய்ச்சிக்காரர்கள் வாயிலிருந்து வருவதற்குள் உயிர் போகிற வார்த்தை "தெரியாது". அன்று அது எனக்குத் தானாக வந்தது. பயம் அந்த அளவுக்குப் பிடித்து உலுக்கியிருந்தது. டாக்டர் தலையாட்டிவிட்டு, அப்படியானால் தெரியாது என்றே வைத்துக்கொண்டு பார்ப்போம் என்று சொல்லி, கருப்பையின் இறுக்கத்தைத் தளர்த்த ஒரு மருந்து கொடுத்துப் படுக்க வைத்தார்.

பிறகு செய்வதற்கு ஒன்றுமில்லை. காத்திருந்தோம். வலி வந்தது, போனது, மறுபடி வந்தது. ரத்தம் கசிகிறதா என்று பார்க்கச் சொல்லியிருந்தார் டாக்டர். பிலோமினா கழிப்பறைக்கு எழுந்து போகும்போதெல்லாம் சவேரியம்மா கூடவே போவார். நான் வராந்தாவில் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டு நிற்பேன். வெளியே வந்ததும் இல்லை என்று தலையை அசைப்பார். எனக்கு மூச்சு வரும். வாசலில் வேப்பமரத்தடியில் சார் நிற்பார், நான் அங்கிருந்தபடியே அவருக்குத் தலையை அசைப்பேன்.

ஒருமுறை கதவு திறந்தது, சவேரியம்மா தலையை அசைக்கவில்லை. பிலோமினாவைக் கட்டிலில் விட்டுவிட்டு வந்து சுவரோரமாக உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். போய்விட்டது என்றுதான் நினைத்தேன். அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து தோளைத் தொட்டேன். "ஒண்ணும் ஆவலீங்க" என்றார் முந்தானைக்குள்ளிருந்து. "வேண்டிக்கலாம்னு பாத்தா ஜெபம் பாதியில மறந்துபோவுது." எனக்கு அழுகை பீறிட்டது. வாயைப் பொத்திக்கொண்டேன்.

பொழுது சாயும்போது வலி நின்றிருந்தது. மருந்தின் வலியா, பயத்தின் வலியா என்று டாக்டருக்கும் தெரியவில்லை, எனக்கு இன்றுவரை தெரியாது. சில நாள் அங்கேயே வைத்திருந்து அனுப்பினார்கள்.

சாரைப் பற்றி இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும், இல்லையென்றால் அவரை நீங்கள் தவறாக எடைபோட்டுவிடுவீர்கள். மறுநாள் காலையில் அவர் நேராக அந்த ஊருக்குப் போனார். நான் வேண்டாம் என்று கெஞ்சினேன், அடிப்பார்கள் என்றேன். சொசைட்டிப் படியில் நின்றுகொண்டு, பிலோமினாவின் பெயரைச் சொல்லாமல், இந்த மருந்து வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது, முழுகாமல் இருக்கிற பெண்கள் இதன் கிட்டே வரக் கூடாது, இதை முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை, தப்பு என்னுடையது என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். ஒருவர் சட்டையைப் பிடித்தார், இரண்டு பேர் விலக்கிவிட்டார்கள். பாதிப் பேர் மாட்டை அவிழ்த்துக்கொண்டு போய்விட்டார்கள். சார் பட்டன் போன சட்டையோடு ஜீப்பில் வந்து உட்கார்ந்தார். முந்தைய நாள் பயந்த அதே மனுஷர்தான். பயந்தவர் திருந்த முடியும் என்பதற்கு எனக்குத் தெரிந்த ஒரே சாட்சி அவர்தான்.

அடுத்த முகாமிலிருந்து மாட்டை அசையவிடாத மரக்கட்டைச் சட்டத்துக்குள் நிறுத்தினோம். கறக்கிறவள் எட்ட நின்று குரல் கொடுத்தால் போதும் என்று வைத்துக்கொண்டோம். அதற்கு முன்னால் பெண்கள் ஒவ்வொருவரையும் நான் தனியாக ஒதுக்கி அழைத்துக் கேட்பேன். கூட்டத்தில் கேட்டால் யாரும் சொல்ல மாட்டார்கள். மாமியார் பக்கத்தில் நின்றால் நிச்சயம் சொல்ல மாட்டார்கள். கேட்டோம் என்று கணக்குக் காட்டுவது வேறு, பதில் வரும்படி கேட்பது வேறு.

அதற்குப் பிறகான மாதங்களை எப்படித் தள்ளினேனோ. அந்தப் பக்கத்திலிருந்து ஆய்வகத்துக்கு யார் வந்தாலும் முகத்தைப் பார்க்கப் பயந்து குழாய்களை எண்ணுவதுபோல் குனிந்துகொள்வேன். கரு தங்கினாலும் பிள்ளை எப்படிப் பிறக்குமோ என்பது அடுத்த பயம். கடைசியில் பால் வண்டிக்காரர்தான் சேதி கொண்டுவந்தார். பெண் குழந்தை, தாயும் சேயும் நலம். நான் நாற்காலியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். அடுத்த பஸ்ஸைப் பிடித்துப் போனேன்.

சவேரியம்மா வாங்க என்று சொல்லிவிட்டு டீ வைக்க அடுப்படிக்குப் போனார். பிலோமினா கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். பிள்ளையை என்னிடம் நீட்டவில்லை, நானும் கேட்கவில்லை. விரல்களையும் கண்களையும் எட்ட இருந்தே பார்த்துக்கொண்டேன்.

"உங்க மேல எனக்குக் கோவந்தானுங்க டாக்டரம்மா" என்றாள். "நீங்க சொன்ன அன்னியிலருந்து இவ பொறக்குற வரைக்கும் நான் நிம்மதியா ஒரு வாய் சோறு திங்கல. வயிறு லேசா இழுத்தாலும் அந்த மருந்துதான்னு கெடந்து நடுங்குவேன்."

"சொல்லாம விட்டிருக்கணும்னு நினைக்கிறீங்களா?"

அத்தனை மாதமும் எனக்குள் உருண்டுகொண்டிருந்த கேள்வி அது. அவள் அடுப்படிப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"மொத ரெண்டும் போனப்ப இந்த வூட்ல அத்தன பேரும் என் ஒடம்பத்தான் சொன்னாங்க. நானும் அப்பிடித்தான் நெனச்சேன். அன்னிக்கு ஆஸ்பத்திரியில வலி வந்துச்சே, அப்ப படுத்துக்கிட்டு என்னா நெனச்சேன் தெரியுங்களா? இது போனாலும் இந்தவாட்டி எம் மேல பழி வராதுன்னு நெனச்சேனுங்க. கொஞ்சம் நிம்மதியாக்கூட இருந்துச்சு. பெத்தவ இப்பிடி நெனைப்பாளாங்க?"

பிள்ளை சிணுங்கியது. அவள் அதை மார்போடு எடுத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.